மாடசாமி அண்ணன் கதையில் என் பங்கு

1

நேற்று ஆடி அமாவாசை. நாலு பேர் கூடியிருந்த இடத்தில் என் மகள் கோமதி என்னைப் பார்த்து, "அம்மா, நீங்க பேசாதீங்க" என்று சொல்லிவிட்டாள். பன்னிரண்டு வயசுப் பெண். வேறு நாளாக இருந்தால் காதைத் திருகியிருப்பேன். திருகப்போகிறேன் என்று நினைத்துத்தான் எங்கள் வீட்டுக்காரர் நாற்காலியை விட்டு எழுந்தார். நான் திருகவில்லை. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு பெருமையோடு நான் வாயை மூடிக்கொண்டது இதுதான் முதல் தடவை.

ஊரில் என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். வள்ளியாவது வாயை மூடுவதாவது என்பார்கள். அதனால்தான் விவரமாக எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது மலாயாவில், ஈப்போ டவுனில். வீட்டுக்காரருக்கு ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் கிராணி வேலை, சரக்குக் கணக்கு எழுதுவது. வரிசையாகக் கட்டிய ரயில்வே வீடுகளில் ஒன்று எங்களுக்கு. காலையில் ரொட்டிக்காரன் மணி அடிப்பான், பிறகு சீனத்தி கீரை கொண்டுவருவாள், பிறகு ஷெட்டில் சங்கு ஊதும். சுற்றிலும் சுண்ணாம்புக்கல் மலைகள். வந்த புதிதில், இவ்வளவு மலை இருக்கிறதே, அருவி எங்கே என்று அவரைக் கேட்டேன். "இங்கன உள்ள மலையில குகைதான் உண்டு. அருவி வேணும்னா நீ குத்தாலத்துலயே இருந்திருக்கணும்" என்றார். அவர் ஆலங்குளத்துக்காரர், பேச்சில் எனக்குக் குறைந்தவரில்லை. மழை மட்டும் தினசரி மத்தியானம் உண்டு. கொட்டும், நின்றுவிடும். சாரல் என்ற பேச்சே கிடையாது.

பிள்ளைகள் இரண்டு. கோமதியும், அவளுக்கு இளையவன் துரையும். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ், தெருவில் மலாய். என்னிடம் மட்டும் தமிழ், அதுவும் பசித்தால். "பசிக்குது", "வேண்டாம்", "அவன் அடிச்சான்", இந்த மூன்றையும் தாண்டி அவர்களிடம் தமிழ் வாங்குவது பெரிய பாடு. பள்ளிக்கூடத்தில் கோமதியை "கோமி" என்று கூப்பிடுகிறார்கள். எங்கள் கோமதியம்மன் பேரை வைத்தவளுக்குத்தான் அந்தச் சங்கடம் தெரியும்.

2

மாடசாமி என் சின்ன அண்ணன். தென்காசிக்குக் கிழக்கே பாவூர்சத்திரம் போகிற ரோட்டில் எங்கள் ஊர். ஜெர்மன் சண்டையின்போது பட்டாளத்தில் சேர்ந்து, அரபு நாட்டுப் பக்கம் பசராவுக்குக் கப்பலேறிப் போய், அங்கே ஓர் ஆற்றங்கரையில் செத்துப்போனான். உடம்பு வரவில்லை. சர்க்கார் காகிதம் வந்தது. பிறகு வட்டமாக ஒரு வெண்கலத் தகடு வந்தது. அதில் அவன் பேர் இங்கிலீஷில் இருந்தது. அம்மா அதைப் புளி போட்டு விளக்கி சாமி படத்துக்குப் பக்கத்தில் வைப்பாள். "எம்பிள்ள பேரை எனக்குத் தெரியாத எழுத்துல போட்டு அனுப்பியிருக்கான் பாரு" என்று தகட்டைத் திட்டவும் செய்வாள்.

சண்டை முடிந்ததும் வேலாயுதம் அண்ணாச்சி ஊர் திரும்பினார். அடுத்த தெரு. மாடசாமி அண்ணனோடு ஒரே பட்டாளத்தில் இருந்தவர், அண்ணன் செத்ததைக் கண்ணால் பார்த்தவர். காகிதத்தில் போட்டிருந்த தேதியைச் சொன்னதும், "அன்னைக்கு இல்ல, அதுக்கு முந்தியே" என்றார். பெரியண்ணன் அந்தத் தேதியைத் திருத்தத் தாலுகா கச்சேரிக்கு நடையாய் நடந்தார். சர்க்கார் சொல்லுகிற தேதிக்கு முன்னால் ஒரு சிப்பாய் சாக முடியாது என்கிற மாதிரி அங்கிருந்த குமாஸ்தா பேசி அனுப்பிவிட்டார். கடைசியில் அம்மா, திதி தெரியாதவர்களுக்கெல்லாம் உள்ள நாளே போதும், ஆடி அமாவாசைக்குக் குற்றாலத்தில் செய்துவிடலாம் என்று முடிவு செய்தாள்.

முதல் வருஷம் அருவியில் குளித்து, பெரியண்ணன் தர்ப்பணம் செய்து முடித்ததும், எல்லோரும் பக்கத்து மண்டபத்தில் உட்கார்ந்தோம். அண்ணனைப் பற்றிப் பேச்சு வந்தது. ஆளாளுக்குக் கதை சொன்னார்கள். என் தாய்மாமா பசரா பீரங்கி எப்படி வெடிக்கும் என்று கையை விரித்துக் காட்டினார். அண்ணன் எத்தனை பேரைச் சுட்டான் என்றும் சொன்னார். பெரியண்ணன் "அப்படி இல்லை" என்றார். மாமா "உனக்கு என்ன தெரியும்" என்றார். இருவரும் எழுந்து நின்றுவிட்டார்கள். அம்மா அருவிச் சத்தத்துக்கு மேலே கத்தினாள்.

"ஏலே தம்பி, நீ தென்காசியத் தாண்டிப் போயிருக்கியாலே? பீரங்கியப் பத்தி பேச வந்துட்டான். இனிமே எவன் எதைக் கண்ணால பாத்தானோ, அதை மட்டும் அவன் சொல்லணும். மத்தவன் வாயைத் தொறக்கப்பிடாது. எம்பிள்ள கதையில பொய் கலந்தா, அவனை ரெண்டாந்தடவை கொன்ன மாதிரி."

அன்றைக்கு அந்த மண்டபத்திலேயே பாகப்பிரிவினை நடந்தது. அண்ணனின் சின்ன வயசு அம்மாவுக்கு. தென்காசியில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்த நாள் பெரியண்ணனுக்கு. கடைசி லீவில் வந்திருந்தபோது என்னைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போன நாள் எனக்கு. செத்த நாள் வேலாயுதம் அண்ணாச்சிக்கு. மாமாவுக்கு ஒன்றும் இல்லை. அவர் கோபத்தில், "பொம்பளப் பிள்ளைக்கு என்ன பங்கு? நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போறவதானே" என்றார். "அவ பாத்தா. அவளுக்கு உண்டு" என்றாள் அம்மா. மாமா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

எங்கள் பக்கத்தில் வயலும் தோப்பும் ஆண் பிள்ளைகளுக்குத்தான். எனக்கு நகை போட்டுக் கட்டிக்கொடுத்தார்கள், அதோடு சரி. ஆனால் என் அண்ணன் கதையில் நாலில் ஒரு பங்கு எனக்கு இருந்தது. அதில் யாரும் கை வைக்க முடியாது. கப்பலேறும்போது என் பெட்டியில் இருந்த எந்த நகையையும்விட அது எனக்குப் பெரிதாக இருந்தது.

3

கல்யாணமாகி ஈப்போவுக்கு வந்த பிறகு ஊருக்குப் போக முடியவில்லை. லீவு கிடைத்தால் கப்பல் இல்லை, கப்பல் இருந்தால் பிரசவம். வருஷா வருஷம் ஆடி அமாவாசை கழிந்ததும் பெரியண்ணன் கடுதாசி போடுவார். சாரல் எப்படி, நாற்று எப்படி என்று எழுதிவிட்டுக் கடைசியில், "உன் பங்கு வந்தபோது எல்லோரும் பேசாமல் இருந்தோம்" என்று ஒரு வரி எழுதுவார். நான் சொல்ல வேண்டிய நேரத்துக்கு அருவிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார்களாம். பிறகு வேலாயுதம் அண்ணாச்சி ஆரம்பிப்பாராம். எனக்காகக் காலி விட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். எனக்காக இலை போட்டு வைத்த மாதிரி இருக்கும்.

அதே நாளில் நான் இங்கே அடுப்படியில் நின்று என் பங்கைச் சத்தமாகச் சொல்லுவேன். குழம்பைக் கிண்டிக்கொண்டே சொல்லுவேன். கோமதி எட்டிப் பார்ப்பாள்.

"யார்கிட்டம்மா பேசுறீங்க?"

"உங்க மாமாகிட்ட."

"எந்த மாமா?"

பதிலைக் கேட்க நிற்க மாட்டாள். பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பிள்ளைகள் கூப்பிடுவார்கள், ஓடிவிடுவாள்.

பிறகு ஒரு வருஷம் அம்மா போய்விட்டாள். கடுதாசிதான் வந்தது, என்னால் போக முடியவில்லை. அந்த ஆடி அமாவாசைக் கடுதாசியில், "அம்மா பங்கிலும் பேசாமல் இருந்தோம்" என்று இருந்தது. இரண்டு பேர் மட்டும் சொல்லிக் கதை ஓடியது. போன வருஷம் தை மாசம் வேலாயுதம் அண்ணாச்சியும் காலமானார். பெரியண்ணன் எழுதியிருந்தார்: "இனி என் பங்கு மட்டும்தான் மிச்சம். இந்த ஆடிக்கு நான் சொன்னால், அவன் பட்டாளத்தில் சேர்ந்ததோடு கதை முடிந்துவிடும்."

அதைப் படித்துவிட்டு, ஊருக்குப் போகிறேன் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"என்ன விசேஷம்?"

"கதை சொல்லணும்."

"கதை சொல்லவா கப்பல் ஏறுத?"

"ஆமா. என் பங்கு அங்கன தரிசாக் கிடக்கு."

அவர் என் முகத்தைப் பார்த்தார். மறுநாள் எனக்கும் பிள்ளைகளுக்கும் சீட்டுக்கு ஏற்பாடு செய்தார். அந்த மனுஷரை நான் எவ்வளவு கேலி செய்தாலும், சில நேரம் அவர் ஒன்றும் பேசாமல் காரியத்தைச் செய்துவிடுவார்.

4

நாகப்பட்டினத்தில் இறங்கியதும் உடம்பில் சூடு இருக்கிறதா, அம்மைத் தழும்பு இருக்கிறதா என்று பார்த்தார்கள். பிறகு ஒரு மேஜை, ஒரு ஆபீசர். எதற்காக வந்தாய் என்றார். கதை சொல்ல என்றேன். "என்ன கதை?" என்றார். "கேக்கணும்னா ஆடி அமாவாசைக்குக் குத்தாலம் வாங்க" என்றேன். கூட வந்த ஈப்போக்காரம்மா என் இடுப்பில் கிள்ளினாள். அவர் எழுதுகோலைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, "குடும்ப விஷயம்" என்று எழுதிக்கொண்டார். அதுவும் சரிதான்.

ஊர் வீட்டில் முதல் நாளே கோமதி, பெரியண்ணன் மனைவியான என் மதினியிடம், "அத்தை, மண்டி எங்கே?" என்று கேட்டாள். மலாயில் மண்டி என்றால் குளியல். மதினிக்குத் தெரிந்ததோ காய்கறி மண்டி. "காய் வீட்டுலயே கிடக்கே. எதுக்கு மண்டிக்குப் போகணும்?" என்றாள். பிள்ளை துண்டும் சோப்புமாக நின்றது. வீடே சிரித்தது. கோமதிக்கு முகம் சுருங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவள் யாரிடமும் தமிழில் வாயைத் திறக்கவில்லை. தலையை ஆட்டுவாள், அவ்வளவுதான். அவள் வயசுப் பிள்ளைகள் கூப்பிட்டாலும் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்தப் பிள்ளையா என் அண்ணன் கதையைக் கொண்டுபோகப் போகிறது என்று நினைத்தேன்.

அதைவிட மோசமானது மறுநாள் வந்தது. பெரியண்ணன் மகன் சிதம்பரம், தென்காசியில் பெரிய வகுப்பு படிக்கிறவன், கோமதிக்குத் தகட்டை எடுத்துக் காட்டிப் பெருமை அடித்துக்கொண்டிருந்தான்.

"எங்க சித்தப்பா பெரிய நீச்சல்காரரு, தெரியுமா? ஆத்தை மீன் மாதிரி நீந்திக் கடந்தாரு. குண்டு மழையா வருது, அவரு பாட்டுக்கு நீந்துதாரு. ஊருல யாரைக் கேட்டாலும் சொல்லுவாவ."

"யாருல சொன்னா நீச்சல்காரன்னு?" என்றேன்.

"எல்லாரும்தான் அத்தை. தண்ணின்னா சித்தப்பாவுக்கு உசுராம்லா."

மாடசாமி அண்ணனுக்கு நீச்சல் தெரியாது. வாய்க்கால் தாண்டுவதென்றால்கூடப் பாலம் தேடிப் போகிறவன். நேரே பெரியண்ணனிடம் போனேன். அவர் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அவனை நீச்சல்காரன்னு சொல்லுதானுவ. நீங்க கேட்டுக்கிட்டுச் சும்மா இருக்கிய?"

"தப்புன்னு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா சொல்லலாம்லா?"

"அவன் பயந்ததை நான் பாக்கலியேட்டி. பாத்தது நீயும் அம்மாவும். உங்க பங்குல நான் எப்படி வாயைத் தொறக்க?"

சட்டம் போட்டவள் போய்விட்டாள், இவர் சட்டத்தைக் காத்துக்கொண்டிருக்கிறார். அம்மா பங்கும் என் பங்கும் காலியாக இருந்ததால், கேட்டவர்களுக்குக் கிடைத்தது அவன் பட்டாளத்தில் சேர்ந்ததும் ஆற்றைக் கடந்ததும்தான். நடுவில் உள்ள பள்ளத்தை ஊர் தன் இஷ்டத்துக்கு நிரப்பிவிட்டது. பொய் கலக்கக் கூடாது என்றுதான் அம்மா அந்த ஏற்பாடு செய்தாள். அதிலேயே பொய் வந்து உட்கார்ந்துகொண்டது.

"சரி, என் பங்கை நான் சொல்லிருதேன். வேலாயுதம் அண்ணாச்சி பங்கு?"

"செத்தவன் பங்கை எவனும் எடுக்கப்பிடாது" என்றார் பெரியண்ணன். வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

5

போன வருஷத்து ஆடி அமாவாசை அன்று சாரல் பிடித்துக்கொண்டது. பெரிய அருவியில் கூட்டம். எண்ணெய் தேய்க்கிறவர்கள் ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். குளித்து, தர்ப்பணம் முடித்து, ஈரத் தலையோடு அந்த மண்டபத்தில் உட்கார்ந்தோம். பெரியண்ணன், மதினி, சிதம்பரம், நான், கோமதி. துரை மதினி மடியில் தூங்கிவிட்டான். எங்கள் வீட்டில் துக்கத்தைக் கத்தித்தான் சொல்ல வேண்டும், அருவிச் சத்தம் அப்படி.

முதலில் அம்மா பங்கு. யாரும் பேசவில்லை. அந்த இடத்தில் சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

பிறகு பெரியண்ணன் ஆரம்பித்தார். தென்காசிக் கோயில் வாசலில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தார்கள். சேர வேண்டும் என்று போனவர் இவர். மாடசாமி சும்மா துணைக்குப் போனவன், கையில் கட்டுச்சோறு. "என்னை மாரளவு பாத்துட்டு வேண்டாம்னுட்டான். பக்கத்துல சோத்து மூட்டையோட நின்னவனைப் பாத்து, நீ வான்னான். நான் அவன் கையில இருந்து சோத்தை வாங்கிக்கிட்டேன். அவன் உள்ள போனான்." வருஷா வருஷம் இதைச் சொல்லிவிட்டு அவர் தலையைத் துவட்டுவார். அன்றும் துவட்டினார்.

அடுத்தது நான். பன்னிரண்டு வருஷம் காலியாக இருந்த இடம். சொன்னேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயசு. அண்ணன் லீவில் வந்திருந்தான், ஆணி அடித்த பூட்ஸோடு. எல்லோரும் நடவுக்குப் போயிருந்தார்கள். "ஏட்டி வள்ளி, குத்தாலம் போவமா?" என்றான். வீட்டோடு குற்றாலம் போனால் அவன் குளிக்க மாட்டான், துணிமணிக்குக் காவல் இருப்பான். பொறுப்பான பிள்ளை என்று நான் நினைத்திருந்தேன். அன்றைக்கு அருவிக்கு முன்னால் நின்று, "கப்பல்ல போகணுமாம்ட்டி. எங்க பாத்தாலும் தண்ணியாம். எனக்குத் தண்ணின்னா பயம். யார்ட்டயும் சொல்லிராத" என்றான். நான் சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை. "நீ முன்னால போ, நான் உன் கையைப் பிடிச்சுக்கிட்டு வாரேன்" என்றான். பட்டாளத்துக்காரன் ஒன்பது வயசுப் பிள்ளையிடம் கையை நீட்டினான். நான் அந்தக் கையைப் பிடித்து, "பயப்படாதண்ணே, நான் பிடிச்சுக்கிடுதேன்" என்றேன். முதல் தடவை தண்ணி தலையில் விழுந்ததும் உதறிக்கொண்டு ஓடிவிட்டான். திரும்ப வந்தான். மறுபடி ஓடினான். மறுபடி வந்தான். உடம்பெல்லாம் நடுங்கியது. கடைசியில் நின்றுவிட்டான். நடுக்கம் அடங்குகிறவரை நின்றான். வெளியே வந்து, உதடு நீலம் பாரித்து, எனக்கு மங்குஸ்தான் பழம் வாங்கித் தந்தான்.

சிதம்பரம் வாயைப் பிளந்துகொண்டு கேட்டான். "அப்பம் நீச்சல்?" என்றான். "தெரியாதுலே" என்றேன். அவன் முகம் வாடிவிட்டது. இவ்வளவு நாள் கொண்டாடிய நீச்சல்காரனை நான் பிடுங்கிக்கொண்டேனே. அவனுக்கு மிச்சத்தையும் கொடுக்க வேண்டும், கொடுத்தால்தான் தெரியும் அவன் சித்தப்பா யார் என்று. ஆனால் அடுத்த பங்கு வேலாயுதம் அண்ணாச்சியுடையது. பெரியண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். எல்லோரும் பேசாமல் இருக்க ஆரம்பித்தார்கள்.

என்னால் இருக்க முடியவில்லை.

"அண்ணே, மாடசாமி அண்ணன் செத்ததை நான் பாக்கலை. ஆனா வேலாயுதம் அண்ணாச்சி அதைச் சொன்னதைப் பாத்திருக்கேன். இந்த மண்டபத்துல, இந்தத் தூணுல சாஞ்சுக்கிட்டு அவிய சொன்னாவ. நான் எதுக்க இருந்து பாத்தேன். பாத்ததைத்தான் சொல்லப்போறேன். இதுல பொய் இல்லை."

பெரியண்ணன் நிமிர்ந்தார். வேண்டாம் என்று சொல்லுவார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

அண்ணாச்சி தூணில் சாய்ந்து, இரண்டு கையாலும் கயிறு விடுகிற மாதிரி விடுவார் என்றேன். அந்த ஆற்றில் அக்கரைக்குக் கயிறு கொண்டுபோக ஆள் வேண்டும் என்றார்களாம். மாடசாமி முன்னால் போய் நின்றானாம். கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினானாம். நீந்தவில்லை, கழுத்தளவு தண்ணியில் நடந்தானாம். அக்கரையில் ஒரு பேரீச்ச மரத்தில் கட்டினானாம். மற்றவர்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வர வர, அவன் கரையேறாமல் தண்ணியிலேயே நின்று ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தானாம். அண்ணாச்சி வரும்போது கால் நழுவிவிட்டதாம். இந்த இடம் வந்ததும் அண்ணாச்சி வலது கையை முன்னால் நீட்டுவார், தான் நீட்டியது அவருக்கே தெரியாது. "'பயப்படாதலே, நான் பிடிச்சுக்கிடுதேன்'னு சொல்லி இழுத்துக் கரையில போட்டான். அடுத்தவனுக்குக் கை கொடுக்கத் திரும்பினான். அப்பம்தான் குண்டு பட்டுது" என்பார். நீட்டிய கை அந்தரத்திலேயே நிற்கும். வருஷா வருஷம் அம்மா எழுந்து போய் அந்தக் கையைப் பிடிப்பாள். பிடித்த பிறகுதான் அவர் கையை இறக்குவார்.

இதைச் சொல்லும்போது என் கையும் நீண்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். அருவியில் நான் சொன்ன வார்த்தையைத்தான் அவன் பசரா ஆறுவரை கொண்டுபோயிருக்கிறான். அதை முதல் தடவை அண்ணாச்சி வாயால் கேட்ட நாளிலிருந்து அந்த வார்த்தையை நான் நெஞ்சில் வைத்திருக்கிறேன். என் பங்கு இல்லாவிட்டால் அண்ணாச்சி பங்கில் அது வெறும் பேச்சு. இரண்டும் சேர்ந்தால்தான் என் அண்ணன் முழுசாக வருவான். அழுதேன். பெருமையில்தான் அழுதேன்.

என் கையை ஒரு கை வந்து பிடித்தது. காய்ப்புக் காய்த்த கை, பெரியண்ணன் கை. கண்ணைத் திறந்தபோது அவர் என் முன்னால் குந்தி இருந்தார். கொஞ்ச நேரம் கழித்துச் சிதம்பரத்தைப் பார்த்து, "அம்மா பங்கு விட்டுப்போச்சுலா" என்றார். "அம்மா சொன்னதை நானும் பாத்திருக்கேன்."

எங்கள் பெரியண்ணன், சிரிக்கக் கணக்குப் பார்க்கிறவர், அம்மா மாதிரியே முந்தானையை இழுத்துச் சொருகுகிற பாவனையில் துண்டை இழுத்துக்கொண்டு, மாடசாமி மூன்று வயசில் வாய்க்காலில் விழுந்ததையும் அம்மா முடியைப் பிடித்துத் தூக்கியதையும் அன்றிலிருந்து பிள்ளை தண்ணியைக் கண்டால் அம்மா காலைக் கட்டிக்கொண்டதையும் சொன்னார். சிதம்பரத்தின் முகத்தைப் பார்த்தேன். நீச்சல்காரன் போனதில் அவனுக்கு இப்போது வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. "சித்தப்பாவுக்கு அவ்வளவு பயமா இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டான். "அவ்வளவும் இருந்துச்சு. அதோடதான் இறங்கினான்" என்றார் அவன் அப்பா.

6

நேற்றைய விஷயத்துக்கு வருகிறேன். அமாவாசைச் சாப்பாட்டுக்குப் பக்கத்து வீடுகளில் இருந்து சிலர் வந்திருந்தார்கள். இன்னொரு சண்டை வரும் என்று பேப்பரில் போடுகிறார்களே, அந்தப் பேச்சு நடந்தது. வீட்டுக்காரரோடு ஷெட்டில் வேலை பார்க்கும் ஒருவர், "வெள்ளைக்காரன் சண்டையில போய்ச் செத்ததுல நமக்கு என்ன பெருமை?" என்றார். யாரையும் குறித்துச் சொல்லவில்லை, எங்கள் வீட்டுக் கதை அவருக்குத் தெரியாது. எனக்குச் சுருக்கென்றது.

"சண்டை வெள்ளைக்காரனோடதா இருக்கலாம். ஆத்துல கால் நழுவினது நம்ம ஊர்க்காரன். அவனுக்குக் கை கொடுத்தது எங்க அண்ணன்" என்றேன். துரை, "எந்த அண்ணன்மா?" என்றான். அவன்தான் மண்டபத்தில் தூங்கிவிட்டானே. சரி என்று என் பங்கைச் சொன்னேன். அண்ணாச்சி சொன்னதைச் சொன்னேன். பிறகு, "போன வருஷம் குத்தாலத்துல நான் இதைச் சொன்னப்ப என்ன நடந்துச்சுன்னா" என்று ஆரம்பித்தேன்.

அப்போதுதான் கோமதி, "அம்மா, நீங்க பேசாதீங்க" என்றாள்.

ஊரில் வாயே திறக்காத பிள்ளை. இங்கு வந்தும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவள். எழுந்து நின்று, பாவாடையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"அது உங்க பங்கு இல்லை. நீங்க கண்ணை மூடிட்டீங்க. நான்தான் பாத்தேன். நான்தான் சொல்லணும்."

வீட்டுக்காரர் எழுந்தார். நான் கையைக் காட்டி உட்காரச் சொன்னேன். கோமதி தம்பியைப் பார்த்துச் சொன்னாள். பாதித் தமிழ், பாதி மலாய். சில இடத்தில் வார்த்தை கிடைக்காமல் கையால் காட்டினாள். அம்மா தலையில் இருந்து தண்ணி சொட்டியது என்றாள். அம்மா கை நீட்டினாங்க, இப்படி என்று நீட்டிக் காட்டினாள். பெரிய மாமா உடனே வரவில்லை என்றாள். மாமா சுற்றிப் பார்த்தாராம், அம்மாவின் கையைப் பிடிக்க வேறு யாராவது வருவார்களா என்று. யாரும் வரவில்லையாம். பிறகு எழுந்து வந்து குந்திக்கொண்டு, கையைத் துண்டில் துடைத்துவிட்டு, என் கையைப் பிடித்தாராம்.

"மாமா என்னமோ சொன்னாங்க. அருவி சத்தம். அம்மாவுக்குக் கேக்கலை, யாருக்கும் கேக்கலை. நான் பக்கத்துல இருந்தேன். மாமா வாயைப் பாத்தேன்."

"என்ன சொன்னாங்க?" என்றான் துரை.

கோமதி என்னைப் பார்த்தாள். பிறகு எங்கள் ஊர்ப் பேச்சில், ஒரு எழுத்து பிசகாமல் சொன்னாள்.

"'பயப்படாதட்டி, நான் பிடிச்சுக்கிடுதேன்.'"